சரிவுப் புல்

ஜூன் 2
சரிவில் புல் இடுப்பளவு வந்துவிட்டது. அண்ணனிடம் சொல்லவில்லை.

ஜூன் 4
உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டிகளை இரவெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கே போனாலும் குதிரைத்திறன் பேச்சுதான். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இங்கே இருப்பது புல்தரை இல்லை. அடிப்புல் பழுத்துச் சாய்ந்து கிடக்கிறது, அதன் மேல் புதுப்புல், நடுநடுவே முள். இதை வெட்டிவிடலாம். வெட்டிய புல் டெக்கை, அதாவது பிளேடை மூடியிருக்கிற தகட்டுக் கூட்டை, விட்டு வெளியே போக வேண்டுமே, அங்கேதான் சிக்கல். பின்னால் பெட்டியில் சேர்க்கிற வண்டிக்கு நீளப்புல் கொஞ்சம் ஈரமாக இருந்தாலே குழாய் அடைத்துக்கொள்ளும். உள்ளேயே சுழற்றித் தூளாக்குகிற மல்ச்சிங் வகை, வாரா வாரம் வெட்டுகிற குட்டைப் புல்லுக்கு நல்லது. எனக்குப் பக்கவாட்டில் வாய் திறந்து தள்ளுகிற டெக்தான் வேண்டும். தகடு கனமாக இருக்க வேண்டும். சரிவில் ஒரு சக்கரம் மட்டும் சுற்றாமல் இருக்க டிஃபரன்ஷியல் லாக் இருந்தால் இன்னும் நல்லது.

எஞ்சினை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு வண்டியை மட்டும் ஊர விடவும் முடிய வேண்டும். எண்ணெய் அழுத்தத்தால் சக்கரத்தைச் சுற்றுகிற ஹைட்ரோஸ்டேட்டிக் என்றால் மிதியை லேசாக அழுத்தினால் போதும், கியர் மாற்றும் வேலை இல்லை. ஆனால் நீண்ட ஏற்றத்தில் அதன் எண்ணெய் சூடாகி இளகினால் இழுவை குறையும். சரிவு நம்முடையது நீளம்.

ஜூன் 5
அண்ணனின் ரிசல்ட் வரவில்லை. மழை.

ஜூன் 7
சரிவை அளந்தேன். ஒரு மீட்டர் பலகையின் ஒரு முனையை மேட்டில் ஊன்றி, ரசமட்டம் வைத்து மட்டமாகப் பிடித்து, மறுமுனைக்குக் கீழே தரை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று டேப்பில் பார்த்தேன். 27 செ.மீ. வந்தால் 15 டிகிரி. பல வண்டிகளின் கையேட்டில் அதுதான் எல்லை. கிழக்குப் பக்கம் எல்லாம் அதற்குள் அடங்குகிறது. மேற்கு மூலையில் அடங்கவில்லை. அங்கே வண்டி போகாது, கையால்தான். இதில் பேச்சே இல்லை.

நின்ற இடத்திலேயே திரும்புகிற ஜீரோ டர்ன் வண்டியை இத்தோடு மறந்தாயிற்று. அதன் முன்சக்கரங்கள் தானாகச் சுழல்பவை. ஈரச் சரிவில் பின்சக்கரம் வழுக்கினால் திருப்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது.

ஜூன் 8
பழைய வண்டி ஒன்றைப் பார்க்கச் சொன்னார்கள். போனதும் முதலில் எஞ்சின் மேல் கை வைத்தேன். வெதுவெதுப்பு. நான் வருவதற்கு முன்பே கிளப்பி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்று பார்க்கத்தானே போனேன்? பிளக் வயரைக் கழற்றச் சொல்லிவிட்டு, கையுறை மாட்டிக்கொண்டு பிளேடின் நுனியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினேன். நன்றாகவே ஆடியது. பெயரிங் போயிருக்கிறது. டெக்கின் அடியில் காய்ந்த புல் அப்பியிருந்த இடத்தை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினால் தகடு செதில் செதிலாக வந்தது. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அண்ணி குரல் ஃபோனில் சரியில்லை.

ஜூன் 12
வண்டி வந்துவிட்டது. அண்ணனுக்குப் படம் அனுப்பினேன். "டெக் நல்லா இருக்குடா. அந்த அடிக்கட்டை எங்கேன்னு ஞாபகம் இருக்கா?" என்று மட்டும் பதில்.

ஜூன் 13
நாள் முழுக்கக் கம்பை வைத்துக்கொண்டு புல்லுக்குள் நடந்தேன். கம்பிச் சுருள், உடைந்த ஓடு, தலையளவு கல். அடிக்கட்டை மட்டும் கிடைக்கவில்லை. சுழல்கிற பிளேடு அதில் இடித்தால் பிளேடோடு போகாது, அச்சு வளையும், அச்சைத் தாங்குகிற வார்ப்பே விரிசல் விடும். அண்ணனிடம் கேட்கலாம். ஆனால் இன்று அவரைப் பேச வைக்கக் கூடாதாம்.

ஜூன் 14
கிடைத்தது! பெரிய கல்லிலிருந்து கிழக்கே, புல் கொஞ்சம் கருத்து அடர்ந்திருந்த இடத்தில். நாலு பக்கமும் கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டினேன்.

ஜூன் 16
முதல் வெட்டு. பனி காய்கிற வரை காத்திருந்தேன். டெக்கை உச்சிக்கு ஏற்றி, பாதி அகலம் மட்டும் புல்லுக்குள் போகும்படி ஓட்டினேன். எஞ்சின் சத்தம் கனத்தால் அப்போதே மிதியைத் தளர்த்திவிட வேண்டும். அடைத்த பிறகு தளர்த்திப் பயனில்லை. சரிவில் நேராக ஏற்றம், நேராக இறக்கம், குறுக்கே ஓட்டவே இல்லை. திரும்புவதெல்லாம் மேலே மட்டத்தில்.

நடுவிலிருந்து வெளியே பார்த்து வெட்டிக்கொண்டு போனேன். உள்ளே ஒளிந்திருப்பவை ஓடித் தப்ப வழி வேண்டும். ஒரு முயல்குட்டி ஓடியது. அதன் பிறகு வெகுநேரம் ஊர்ந்துதான் போனேன்.

ஜூன் 17
தூக்கம் இல்லை. ஃபோனும் இல்லை.

ஜூன் 18
நேற்றிரவே கொட்டகையில் உட்கார்ந்து எஞ்சின் மேல்மூடியைக் கழற்றினேன். குளிர்விக்கும் இதழ்களுக்கு நடுவே பதர் அடைத்து மெத்தை போல் இருந்தது. ஒரே ஒரு வெட்டுக்கு இவ்வளவு! காற்று போகாவிட்டால் எஞ்சின் வெந்துபோகும். சைலன்சர் பக்கம் சேர்ந்த காய்ந்த புல்லோ தீப்பிடிக்கும். தூரிகையால் தள்ளி, காற்றடித்து எடுத்தேன். இனி வண்டி நன்றாக ஆறாமல் கொட்டகைக்குள் வராது.

காலையில் பிளேடைக் கழற்றினேன். பழைய சாய்வு மாறாமல் அரம் போட்டேன். சவரக்கத்திபோல் கூராக்கினால் முதல் கல்லிலேயே பல்லாகும். நடுத்துளையை ஆணியில் மாட்டினேன், இடது பக்கம் மெல்ல இறங்கியது. அந்தப் பக்கம் மட்டும் இன்னும் நாலு இழுப்பு. மறுபடி மாட்டினேன், மறுபடி இறங்கியது. கிடைமட்டமாக அசையாமல் நிற்கிற வரை விடவில்லை. எடை சமமில்லாத பிளேடு அதிர்ந்து அதிர்ந்தே பெயரிங்கைத் தின்றுவிடும்.

கை வேலையில் இருக்கும்போது ஃபோனைப் பார்க்கத் தோன்றவில்லை.

ஜூன் 19
வெள்ளிக்கிழமை சொல்வார்களாம்.

ஜூன் 20
வெட்டு ஒரு பக்கம் தாழ்ந்திருந்தது. டெக்கைக் குறை சொல்லும் முன் டயரைப் பார்த்தேன். வலது பின்சக்கரத்தில் காற்று குறைவு. அடித்ததும் சரியாகிவிட்டது. பெல்ட்டின் ஓரம் பளபளக்கிறது, வழுக்கத் தொடங்கியிருக்கிறது. கழற்றுவதற்கு முன் எந்தக் கப்பியில் எப்படிச் சுற்றுகிறது என்று படம் எடுத்துக்கொண்டேன். கேனில் இருக்கிற பெட்ரோல் ஒரு மாதத்துக்கு மேல் பழசு. அதை ஊற்றப் போவதில்லை.

"சரிவு முடிஞ்சுதா?" என்று அண்ணன் கேட்டார். பாதி என்றேன். "அவசரப்படாதேடா" என்றார். அவர் குரலில் தெம்பு இருந்தது, நிச்சயமாக இருந்தது.

ஜூன் 21
புது பெல்ட் மாட்டியாயிற்று. ஆயிலும் பார்த்தாயிற்று. டெக்கை ஒரு படி இறக்கி இரண்டாம் வெட்டு ஆரம்பிக்க வேண்டும். மேகம் இருக்கிறது. பத்து மணி வரை பார்த்துவிட்டு