கண் திரும்பி வரும் இடம்

மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ்களுக்கு பாராமீட்டர் போடுவதுதான், அதாவது அவை எப்படி இயங்க வேண்டும் என்பதற்கான எண்களைப் பதிவதுதான், என் வேலையில் பெரும்பகுதி. மேனுவலை யாரும் கதைப் புத்தகம் மாதிரித் தொடர்ந்து படிப்பதில்லை. ஒரு வரி பார்ப்போம், கீபேடில் எண்ணை அழுத்துவோம், மறுபடி தாளுக்கு வருவோம். நான் பார்த்தவரை தவறுகள் பெரும்பாலும் அப்படித் திரும்பி வரும்போதுதான் நடக்கின்றன.

ஒரே சாயலில் உள்ள பாராமீட்டர் குறியீடுகளை இடைவெளி இல்லாமல் பக்கம் முழுக்க அச்சடித்திருந்தால், கண் விட்ட இடத்தில் வந்து நிற்காது. ஒரு வரி தள்ளிப் போய் நிற்கும். மோட்டார் வேகமெடுக்கும் நேரத்துக்கான எண், வேகம் குறையும் நேரத்துக்குப் போய்விடும். இரண்டுமே வினாடிக் கணக்குதான் என்பதால் டிரைவும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்ளும். கனமான பாரத்தைச் சட்டென்று நிறுத்தச் சொன்னால் மோட்டாரே ஜெனரேட்டராகி மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும். உள்ளே டிசி வோல்டேஜ் ஏறி டிரைவ் ட்ரிப் ஆகி நின்றுவிடும். அப்புறம் எல்லோரும் வயரிங்கைத் தோண்டிக்கொண்டிருப்பார்கள்.

எச்சரிக்கையை அச்சிடும் இடம் இன்னொரு தொல்லை. 'ரீசெட் கொடுக்கவும்' என்பது பக்கத்தின் கடைசி வரி. 'கொடுத்தால் முன்பு போட்டவை எல்லாம் அழிந்துவிடும்' என்பது அடுத்த பக்கத்தின் முதல் வரி. விரல் அதுவரை காத்திருக்குமா? அனுபவசாலிகள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். புதியவர் பயந்து பயந்து பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிடுகிறார்.

மேனுவல் குறியீட்டு எண் வரிசையில் போகும். போட வேண்டிய வோல்டேஜ், ஆம்பியர், ஹெர்ட்ஸ் எல்லாம் மோட்டாரின் பெயர்ப்பலகையில் வேறு வரிசையில் இருக்கும். அதனால் எங்களுக்கென்று ஒரு தாள் தயாரித்தோம். பலகையில் உள்ள வரிசையிலேயே விவரங்கள், மூன்று வரிக்கு ஒரு இடைவெளி, ஒவ்வொன்றுக்கும் எதிரே காலிக் கட்டம். கட்டத்தில் டிக் போடக் கூடாது. டிஸ்ப்ளேயில் தெரியும் எண்ணைத்தான் எழுத வேண்டும். டிக்கைக் கை தானாகவே போட்டுக்கொண்டு போகும், எண்ணை எழுத வேண்டுமானால் டிஸ்ப்ளேயை ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும்.

தாள் அழுக்காகிறது, லேமினேட் செய்துவிடலாமே என்று மேலிடத்தில் கேட்டார்கள். செய்தால் பேனா எழுதாது, மறுபடி எல்லோரும் டிக்குக்கே போய்விடுவார்கள். அழுக்காகவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டோம்.