நகைக்கடன் மேசையில் ஒரு காணிக்கை

பட்டுக்கோட்டைப் பக்கம் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றில் நகை மதிப்பீட்டாளராக வேலை பார்த்த ஆண்டுகளில், ஒரு குடும்பத்தின் நெருக்கடியை அவர்கள் வாய் திறக்கும் முன்பே நகையைப் பார்த்து ஓரளவு அறிந்துகொள்ளப் பழகியிருந்தேன். ஆனியில் வரும் வளையல் பள்ளிக் கட்டணத்துக்கு. ஆவணியில் வரும் சங்கிலி சம்பா நாற்றுக்கும் உரத்துக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்துப்போட்ட பிறகு வந்த நகைகளுக்குக் காரணம் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அப்படி வந்தவர்களில் எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு பெண்மணி, காதிலிருந்த தோட்டை என் எதிரிலேயே கழற்றி உரைகல் அருகில் வைத்தார். தென்னங்கன்று வாங்கவா என்று கேட்டேன்.

"இல்லண்ணே, ஜெபக் கூட்டத்துல விதைக் காணிக்கை கொடுக்கணும். ஆண்டவர் நூறு மடங்கா திருப்பித் தருவாராம்."

கன்று நட்டால் காய்ப்பதற்கு ஐந்தாறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். விதைப்பின் பாடுகளையெல்லாம் அறிந்த ஒருவரிடமிருந்து, விதை என்ற சொல்லைக் காட்டியே காதுத் தோட்டை வாங்கிவிட்டார்களே என்பதை இன்றும் என்னால் பொறுக்க முடியவில்லை. ஆனாலும் எடை போட்டுச் சீட்டு எழுதினேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பிறர் விசுவாசத்தைக் குலைத்தவன் என்ற பெயர் வருமோ என்று அஞ்சிப் பேசாமல் இருந்துவிட்டேன்.

அன்றிரவு மாற்கு சுவிசேஷத்தை எடுத்து வாசித்தேன். நான்காம் அதிகாரத்தில் முப்பதும் அறுபதும் நூறுமாகப் பலன் தரும் விதை, தேவ வசனம் என்று இயேசுவே விளக்குகிறார். பத்தாம் அதிகாரத்தில் வீடும் நிலமும் நூறத்தனையாகக் கிடைக்கும் என்ற வாக்கு, அவர் நிமித்தம் எல்லாவற்றையும் விட்டு வந்தவர்களுக்குச் சொல்லப்பட்டது. அதன் நடுவே "துன்பங்களோடேகூட" என்றும் இருக்கிறது. நான் போன கூட்டங்களில் அந்த ஒரு சொல்லை யாரும் வாசித்துக் கேட்டதில்லை.

செல்வமே பாவம் என்று நான் எண்ணவில்லை. மாயூரத்தில் (இன்றைய மயிலாடுதுறை) முன்சீப்பாக, அதாவது நீதிபதியாக, இருந்த வேதநாயகம் பிள்ளை, 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் தம் பொருளைக் கொண்டு பசித்தவர்களுக்கு உணவிட்டார்; கிறிஸ்தவரான அவரை, நந்தனார் சரித்திரம் பாடிய சிவபக்தர் கோபாலகிருஷ்ண பாரதியார் பாடிப் போற்றினார். லூக்கா 12ஆம் அதிகாரத்து ஐசுவரியவான் மதிகேடன் எனப்பட்டது நிலம் நன்றாக விளைந்ததனால் அன்று. களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டமிட்டபோது அவன் நினைப்பில் தன்னைத் தவிர வேறு ஒருவரும் இல்லை.

என் தாயார் உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் சேர்ப்பார். ஞாயிறன்று அது பிடியரிசிக் காணிக்கையாகக் கோயிலுக்குப் போகும். அதைப் பெருக்கித் தா என்று அவர் ஜெபித்து நான் கேட்டதில்லை.

தவணை கடந்து ஏல அறிவிப்பு போனதும் அந்தப் பெண்மணி சங்கத்துக்கு வந்தார். கோபம் எதுவும் காட்டவில்லை. "எனக்குத்தான் விசுவாசம் பத்தல போல, அண்ணே" என்றார். தோடு போனதைக்கூட ஆற்றிக்கொள்ளலாம். அந்தப் பழியையும் அவரே சுமந்து நின்றதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. வாசல் பெஞ்சில் அவர் அருகே உட்கார்ந்து, ஓராண்டுக்கு முன்பே வாசித்துக் காட்டியிருக்க வேண்டிய அந்தப் பத்தாம் அதிகாரத்தை எடுத்து மெல்ல வாசித்தேன்.