வயிற்றுப்புண்: எண்டோஸ்கோபி முதல் மூச்சுப் பரிசோதனை வரை

மாதக்கணக்கில் இழுத்தடித்த மேல்வயிற்று எரிச்சல், கடைசியில் இரைப்பைப் புண் என்று எண்டோஸ்கோபியில் தெரிந்தது. அங்கிருந்து ‘ஆறிவிட்டது’ என்று ரிப்போர்ட் வரும்வரை நடந்ததை எழுதுகிறேன். நடுநடுவே, வயிறு தன்னுடைய அமிலத்தையே எப்படித் தாங்குகிறது என்பதும் வரும். அது தெரியாவிட்டால் இந்தச் சிகிச்சையில் பாதி எதற்கென்றே புரியாது.

எண்டோஸ்கோபியைப் பற்றி ஊதிப் பெரிதாக்கப்பட்ட பயம்தான் அதிகம். முதல்நாள் இரவுக்குப் பிறகு எதுவும் சாப்பிடக் கூடாது. வயிறு காலியாக இருந்தால்தான் உட்சுவர் தெரியும்; உள்ளே இருப்பது மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் ஆபத்தும் குறையும். தொண்டையை மரத்துப்போக வைக்கும் ஸ்பிரே அடித்தார்கள். நல்ல கசப்பு. கொஞ்ச நேரத்தில் விழுங்க முடிகிறதா இல்லையா என்றே சந்தேகம் வந்துவிடும். விழுங்கிக்கொண்டுதான் இருப்போம், உணர்வுதான் இருக்காது. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, பற்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் வளையத்தைக் கொடுத்தார்கள். மயக்க ஊசி வேண்டாமென்று சொல்லியிருந்தேன். குழாய் தொண்டையைத் தாண்டும்போது குமட்டத்தான் செய்யும். மூக்கால் நிதானமாக மூச்சு விட்டால் அடங்குகிறது. பிறகு காற்றடித்து வயிற்றை விரிப்பார்கள். ஏப்பமாக வரும், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

பயாப்ஸிக்குச் சதையைக் கிள்ளி எடுத்தது தெரியவே இல்லை. இவ்வளவு எரிகிற வயிற்றில் கிள்ளினால் ஏன் வலிக்கவில்லை என்று பின்னால் கேட்டேன். உட்சுவருக்குக் கிள்ளலோ வெட்டோ உறைக்காதாம். அமிலம் பட்டாலோ, இழுபட்டாலோ, தசை இறுகினாலோதான் வலி.

எடுத்த துணுக்குகளில் ஒன்றை மஞ்சள் நிற ஜெல்லில் போட்டார்கள். அது இளஞ்சிவப்பாக மாறியது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா இருக்கிறது என்று அர்த்தம். அதனிடம் யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கும் நொதி ஒன்று இருக்கிறது. ஜெல்லின் நிறத்தை மாற்றுவது அந்த அம்மோனியாதான். அதைக்கொண்டு சுற்றியுள்ள அமிலத்தை முறித்தபடிதான் பாக்டீரியா இரைப்பையின் சளிப்படலத்துக்குள் போய்க் குடியேறுகிறது.

எனக்கு ஏன் அமிலம் இவ்வளவு அதிகமாகச் சுரக்கிறது என்று டாக்டரிடம் கேட்டேன். “அதிகம் சுரக்கிறது என்று யார் சொன்னது?” என்றார். இரைப்பைப் புண் வந்த பலருக்கு அமிலச் சுரப்பு சாதாரண அளவில்தான் இருக்குமாம், சிலருக்கு அதைவிடக் குறைவாகக்கூட. “காவல் தளர்ந்திருக்கிறது. எதனால் என்று பார்க்க வேண்டும்.” அதற்குப் பிறகுதான் இதைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

இரைப்பைச் சாற்றின் பிஎச் (அமிலத்தன்மையின் அளவு; எண் குறையக் குறைய அமிலம் கடுமை) 1 முதல் 2 வரை. இறைச்சியைக் கரைக்கும் சாறு, இறைச்சியாலான ஒரு பையில் நாள்முழுக்க நிற்கிறது. முதல் பாதுகாப்பு, ஹைட்ரோகுளோரிக் அமிலம் எந்த செல்லுக்குள்ளும் சேர்த்துவைக்கப்படுவதில்லை என்பது. ஹைட்ரஜன் அயனியும் குளோரைடு அயனியும் தனித்தனி வழியாக வெளியேறி, வெளியில்தான் அமிலமாகின்றன. புரதத்தைச் செரிக்கும் பெப்சினும் அப்படித்தான். செயலற்ற வடிவில் புறப்பட்டு, அமிலத்தைச் சந்தித்த பிறகே வேலைசெய்யத் தொடங்கும்.

அடுத்தது சளிப்படலம். தடிமன் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அதற்குள் அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட் தேங்கியிருப்பதால், மேற்பக்கம் பிஎச் 2 இருக்கும்போது செல்களை ஒட்டிய அடிப்பக்கம் கிட்டத்தட்ட 7. அமிலச் செறிவில் அது லட்சம் மடங்கு வித்தியாசம். இதில் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. அமிலம் சுரக்கும் செல், வெளியே தள்ளும் ஒவ்வொரு ஹைட்ரஜன் அயனிக்கும் ஈடாக ஒரு பைகார்பனேட்டை ரத்தத்தில் விடுகிறது. அந்த ரத்தம் மேற்பரப்புச் செல்களை ஒட்டித்தான் போகிறது. ஆக, அமிலம் கூடும்போது அதை முறிக்கும் சரக்கும் கூடவே கூடுகிறது. இதையும் மீறிச் செல்கள் சேதமானால் பக்கத்துச் செல்கள் நகர்ந்துவந்து இடைவெளியை மூடும். மேற்பரப்பு முழுவதுமே சில நாட்களுக்கொருமுறை புதிதாகிவிடும்.

ரத்த ஓட்டம் நின்றால் இதெல்லாம் நின்றுவிடும். இறந்தவர்களின் இரைப்பை சில சமயம் தன்னையே செரித்துக்கொண்டிருப்பதை ஜான் ஹண்டர் என்ற அறுவை மருத்துவர் 1772-லேயே எழுதியிருக்கிறார்.

என் விஷயத்தில் பாக்டீரியாவோடு இன்னொன்றும் சேர்ந்திருந்தது: மூட்டுவலிக்கு எழுதித் தரப்பட்ட ஆஸ்பிரின் வகை வலி மாத்திரை. சளி, பைகார்பனேட், ரத்த ஓட்டம் மூன்றையும் ஊக்குவிப்பவை, உடலே உண்டாக்கிக்கொள்ளும் புரோஸ்டகிளாண்டின்கள் என்ற பொருள்கள். ஆஸ்பிரின் வகை மருந்துகள் அவற்றின் உற்பத்தியைத் தடுக்கின்றன என்று மருந்தியல் ஆய்வாளர் ஜான் வேன் 1971-இல் காட்டினார். 1982-இல் நோபல் பரிசும் பெற்றார். இந்த மாத்திரைகளைச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் ஒன்றும் செய்யாது என்று பலர் நம்புகிறார்கள். ஊசியாகப் போட்டாலும் புண் வரலாம், ஏனென்றால் பாதிப்பு ரத்தத்தின் வழியாகவும் வருகிறது.

சிகிச்சை 14 நாள் கூட்டு மருந்து: அமிலத்தைக் குறைக்க ஒன்று, பிஸ்மத், பிறகு டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல் என்று இரண்டு ஆன்டிபயாடிக். வாயில் எந்நேரமும் உலோகச் சுவை. பிஸ்மத்தால் மலம் கறுக்கும் என்று முன்பே சொல்லிவிட்டார்கள், நல்லவேளை. புண்ணிலிருந்து ரத்தம் கசிந்தாலும் மலம் கறுக்கும். ஆனால் அது தார்போல ஒட்டும், நாற்றமும் வேறு. அப்படி இருந்தால் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். அமிலக் குறைப்பு மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரைமணி முன்பே போடச் சொல்வது சம்பிரதாயத்துக்காக அல்ல. உணவு வரும்போதுதான் செல்களில் அமிலத்தை வெளியே தள்ளும் பம்புகள் விழிக்கின்றன. விழித்திருக்கும் பம்பைத்தான் அந்த மருந்தால் அடைக்க முடியும்.

இந்தப் பாக்டீரியாதான் காரணம் என்பதை முதலில் யாரும் நம்பவில்லை. ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல் 1984-இல் அதை வளர்த்த திரவத்தைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். சக ஆய்வாளர் ராபின் வாரனோடு சேர்ந்து 2005-இல் நோபல் வாங்கினார். அவருக்கு அந்தத் திரவம்; எனக்கு வெறும் மாத்திரைகள். குறைசொல்ல வாயில்லை.

அமிலக் குறைப்பு மாத்திரை மட்டும் தொடர்ந்தது. பிறகு இரண்டாவது எண்டோஸ்கோபி: இரைப்பைப் புண் என்றால் ஆறியதைக் கண்ணால் பார்த்து, புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்வது வழக்கம். புண் இருந்த இடத்தில் வெளிறிய தழும்பு.

பாக்டீரியா ஒழிந்துவிட்டதா என்று பார்க்க மூச்சுப் பரிசோதனை. அதற்குத் தயாராவதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. ஆன்டிபயாடிக் முடிந்து நான்கு வாரமாவது ஆகியிருக்க வேண்டும், அமிலக் குறைப்பு மாத்திரையை இரண்டு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். நிறுத்தியதும் எரிச்சல் பழையபடி வந்தது. புண் திரும்பிவிட்டதோ என்று கலங்கிவிட்டேன். அடங்கிக் கிடந்த சுரப்பு கொஞ்சகாலம் துள்ளுவது சகஜம், தானாகத் தணியும் என்றார் டாக்டர். அதுவரை சமாளிக்க ஆன்டாசிட் திரவம் கொடுத்தார். பரிசோதனைக்கு முந்தைய நாளோடு அதுவும் கிடையாது.

பரிசோதனை எளிது. ஒரு பையில் ஊதினேன். கார்பன்-13 கலந்த யூரியாவை விழுங்கி, அரைமணி கழித்து மறுபடி ஊதினேன். பாக்டீரியா மிச்சமிருந்தால் யூரியா உடைந்து, அந்தக் கார்பன் மூச்சில் வெளிவரும். கதிரியக்கம் எதுவும் இல்லை. என் மூச்சில் அது ஏறவில்லை.

மூட்டுக்கு இப்போது பாராசிட்டமாலும் உடற்பயிற்சியும். பழைய வகை வலி மாத்திரை தவிர்க்கவே முடியாமல் தேவைப்பட்டால், கூடவே அமிலக் குறைப்பு மாத்திரையும் போட வேண்டும் என்று சீட்டிலேயே எழுதித் தந்திருக்கிறார். வேறு டாக்டரிடம் போகும்போதும் அந்தச் சீட்டைக் கையோடு கொண்டுபோகிறேன்.