குந்தா சரிவின் மண்

நீலகிரியின் குந்தா நீர்ப்பிடிப்புப் பகுதியில் மண் பாதுகாப்புப் பணிக்குச் சேர்ந்த முதல் மழைக்காலத்தில், மூத்த களப்பணியாளர் ஒருவர் எமரால்டு அணைக்கு மேலே இரண்டு ஓடைகள் கூடும் இடத்துக்கு என்னை அழைத்துச் சென்றார். சோலைக்காட்டிலிருந்து இறங்கிய ஓடை, இரவெல்லாம் மழை பெய்திருந்தும் அடிக்கல் தெரிய ஓடியது. உருளைக்கிழங்குத் தோட்டங்களைத் தாண்டி வந்த மற்றது செந்நிறக் குழம்பாக இருந்தது. “இவ்வளவும் அணைக்குத்தான் போகுது, தம்பி” என்றார்.

இந்த மண் அரிப்பைத் தடுக்கும் வழிமுறைகள் புதியவை அல்ல. உதகையில் மண் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் 1954-இலேயே தொடங்கப்பட்டது. சரிவை உட்புறம் சாய்ந்த படிமட்ட வயல்களாக வெட்டி, உள்விளிம்பில் வடிகால் விட்டு, ஓரங்களில் புல் வளர்த்தால் மண் நிற்கும் என்பது எங்கள் துறையில் பாலபாடம். ஆகவே, சரிவின் போக்கிலேயே மேலிருந்து கீழாகப் பாத்தி பிடிப்பவர்களை அறியாதவர்கள் என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன்.

அந்த எண்ணத்தை மாற்றியவர், முக்கால் ஏக்கரில் கிழங்கு போட்டிருந்த ஓர் அம்மா. குறுக்கே பாத்தி பிடித்தால் நீர் தேங்கிக் கிழங்கு அழுகிவிடும் என்று முதலில் சொன்னார். வடிகாலை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நிலம் ஒரு வருசக் குத்தகைங்க சார். நான் படி வெட்டினா அடுத்த வருசம் யாரோ நடுவாங்க” என்றார். என்னிடம் பதில் இல்லை. மானிய விண்ணப்பத்தில் பட்டாதாரரின் கையெழுத்துக்குத்தான் இடமிருந்தது. மண்ணைக் கிளறுகிறவருக்கு அதில் இடமில்லை. நாங்கள் மேலே அனுப்பிய அறிக்கைகளிலோ கட்டிய தடுப்பணைகளின் எண்ணிக்கை இருந்ததே தவிர, எவ்வளவு மண் நின்றது என்ற கேள்வியே இல்லை. அப்படிப்பட்ட அறிக்கைகளில் நானும் கையெழுத்திட்டிருக்கிறேன் என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

பிறகு நில உரிமையாளரிடம் பலமுறை பேசி, குத்தகையை மூன்று ஆண்டுகளுக்கு எழுதிக்கொள்ள இசைய வைத்தோம்; அதன் பின்னரே அந்த அம்மா படி வெட்டச் சம்மதித்தார். 2019 ஆகஸ்டில் அருகிலுள்ள அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியபோது நான் முதலில் ஓடியது அந்த நிலத்துக்குத்தான். இரண்டு படிகள் சரிந்திருந்தன. மற்றவை நின்றன. வடிகாலில் சேர்ந்திருந்த சேற்றை அவர் கூடையில் அள்ளி மீண்டும் மேலே வயலில் கொட்டிக்கொண்டிருந்தார்.