சத்துவாச்சாரி, மே மாதம்

2025 மே 2, வெள்ளி

ஓசூருக்குக் குடிபோகிறோம். இருபத்தெட்டாம் தேதிக்குள் சாவி கொடுக்க வேண்டும். இன்று விற்கப்போகிற சாமான்களை எல்லாம் போட்டோ எடுத்தேன். பீரோ, ஃப்ரிட்ஜ், சாப்பாட்டு மேசை, திவான், அம்மாவின் தையல் மிஷின். மிஷின் முறை வந்தபோது மட்டும் அப்பா எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். ஓசூரில் அதற்கு இடமில்லை என்று அண்ணன் சொல்லி ஒரு மாதம் ஆகிறது. அதற்கப்புறம் அவன் போன் பண்ணவில்லை.

மே 3, சனி

காலையில் பழைய சாமான் விற்கிற ஆப்பில் போட்டேன். மாலைக்குள் பதினேழு பேர். "இருக்கா?" "லாஸ்ட் பிரைஸ்?" "ஃபைனல் எவ்ளோ?" யாரும் பொருளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வீடு மாறுவதைப் பற்றிப் புலம்பினேன். அப்பா சொன்னார்: "சாமியே இங்கிருந்து குடிபோனவர்தானே." ஜலகண்டேஸ்வரர் இந்த சத்துவாச்சாரியில்தான் இருந்தார், 1981-ல் வேலூர் கோட்டைக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். அப்பா அன்றைக்கு லீவு போட்டாராம். சாமிக்கு பீரோ விற்கிற வேலை இல்லை.

மே 4, ஞாயிறு

கத்திரி ஆரம்பம். பீரோ போயிற்று.

பள்ளிகொண்டாவிலிருந்து ஒருவர் மினி டெம்போவோடு வந்தார். கதவைத் தட்டினார், லாக்கரைப் பத்து தடவை திறந்து மூடினார், தரையில் படுத்து அடிப்பக்கம் பார்த்தார். "இன்னாக்கா, அடியில துரு புடிச்சிகீது." ஏழாயிரம் சொன்னேன். மூவாயிரத்தில் ஆரம்பித்தார். இரண்டு தடவை கோபித்துக்கொண்டு தெருமுனை வரை போய்த் திரும்பினார். 4,800-க்கு முடிந்தது. சட்டைப் பையிலிருந்து எடுத்த நோட்டெல்லாம் வேர்வையில் ஈரம். அப்பா அதை வாங்கி, போஸ்ட் ஆபீஸ் எண்ணல், இரண்டு தடவை எண்ணி என்னிடம் கொடுத்தார். முப்பத்திரண்டு வருஷம் மணியார்டர் கொடுத்த கை.

பீரோ நின்ற இடத்தில் மட்டும் சுவர் பழைய பச்சையில் இருக்கிறது.

மே 5, திங்கள்

வெயில். வேறு ஒன்றும் இல்லை.

மே 6, செவ்வாய்

அப்பா மிஷினுக்கு எண்ணெய் போடுகிறார். விற்கப்போகிற மிஷினுக்கு எதற்கு என்று கேட்டேன். "ஓடுற மிஷினாத்தானே கொடுக்கணும்" என்றார். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குப் போடுகிறார். அவ்வளவு எண்ணெய் எந்த மிஷினும் குடிக்காது.

மே 8, வியாழன்

டிவியில் பாகிஸ்தான் எல்லைச் செய்தி நிறுத்தாமல் ஓடுகிறது. மிஷினுக்கு ஆள் கிடைத்துவிட்டார். ராணுவத்துக்காரர், பேரம் பேசவே இல்லை, 6,500-க்கு சரி என்றார். சாயங்காலம் பேசலாம் என்றிருக்கிறார்.

மே 8, இரவு

இன்று எழுத முடியாது.

மே 9, வெள்ளி

எழுதித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் மண்டைக்குள்ளேயே சுற்றுகிறது.

ஆறரை மணிக்கு போன். பாதி இந்தி, பாதி இங்கிலீஷ், நடுவில் "வணக்கம் அம்மா". அரக்கோணத்தில் ஆர்மியில் இருக்கிறாராம், ஜம்முவுக்குப் போகச் சொல்லி ஆர்டர் வந்துவிட்டதாம், தான் இல்லாதபோது மனைவிக்குக் கைவேலை இருக்கட்டும் என்று மிஷின் வாங்குகிறாராம். அடையாள அட்டை அனுப்பினார், கேன்டீன் கார்டு அனுப்பினார், யூனிஃபார்மில் ஒரு போட்டோ. நம்ம பக்கத்தில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத ஊர் எது? கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு ஒருவர் என்பார்கள். அவர் பேசப் பேச எனக்குத் தொண்டை அடைத்தது, அதுதான் உண்மை. விலையைக் குறைத்துக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தேன்.

"ஆர்மி பேமென்ட் வேற மாதிரி மேடம், ஸ்கேனர் அனுப்புறேன், நீங்க ஸ்கேன் பண்ணா உங்களுக்கு வரும். முதல்ல அஞ்சு ரூபாய் டெஸ்ட்." ஸ்கேன் செய்தேன், பின் போட்டேன். ஐந்து ரூபாய் போயிற்று. அடுத்த நிமிஷம் பத்து ரூபாய் வந்தது. "பார்த்தீங்களா மேடம், டபுளா வருது." அந்தப் பத்து ரூபாயில்தான் விழுந்தேன்.

அடுத்த ஸ்கேனர் 6,500. கீழே குறிப்பில் 'ரிசீவ்' என்று அவனே எழுதியிருந்தான். மேலே ஆப் தன் எழுத்தில் 'பே' என்றுதான் காட்டியது. நான் கீழே இருந்ததைப் படித்தேன். போயிற்று. "சாரி மேடம், சிஸ்டம் மிஸ்டேக், போனது, வர வேண்டியது இரண்டும் சேர்த்து 13,000-க்கு அனுப்புறேன்." அதையும் போட்டேன். அதுவும் போயிற்று. மூன்றாவதாக 26,000. 'போதுமான இருப்பு இல்லை' என்று வந்தது. பேலன்ஸ் இல்லாததால்தான் தப்பித்தேன். இருந்திருந்தால் அதையும் போட்டிருப்பேன்.

நாற்பது நிமிஷமும் அவன் லைனை வைக்க விடவில்லை. "கட் பண்ணாதீங்க மேடம், மேஜர் சார் பக்கத்துல இருக்கார்." அடுப்பில் ரசம் பொங்கி அணைந்த வாசனை வந்துகொண்டே இருந்தது.

பதினோரு வருஷமாக டேலியில் டெபிட், கிரெடிட் எழுதிச் சம்பளம் வாங்குகிறேன். பணம் வாங்க பின் தேவையில்லை, பணம் போகத்தான் பின் என்று போன வருஷம் அப்பாவுக்கு நோட்டில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியவளும் நான்தான். அது இன்னும் அங்கேயே இருக்கிறது.

மே 9, இரவு

சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு இன்று மதியம்தான் அடித்தேன். நேற்றே அடித்திருக்க வேண்டும். உடனே சொன்னால் போகிற வழியிலேயே பணத்தை நிறுத்திவைக்கப் பார்ப்பார்களாம். எதிர்முனையில் இருந்தவர் திட்டவில்லை. "எத்தனை மணிக்கு மேடம் போச்சு?" என்று மட்டும் கேட்டார். சொன்னதும் ஒரு நொடி பேசவில்லை. வெட்கத்தில் ஒரு ராத்திரியை அவனுக்கு இனாமாகக் கொடுத்திருக்கிறேன்.

மே 10, சனி

இரண்டாவது சனி, பேங்க் இல்லை. எஸ்.பி. ஆபீஸுக்குப் போய் சைபர் கிரைமில் எழுதிக் கொடுத்தேன். நீரில்லா ஆறு, மரமில்லா மலை, ராஜா இல்லாத கோட்டை, அதிகாரமில்லாத போலீஸ் என்று நம்ம ஊரைச் சொல்வார்கள். ஆனால் அந்தப் பெண் போலீஸ் உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, போனை வாங்கி ஒவ்வொரு பரிவர்த்தனை எண்ணையும் நிதானமாகப் பார்த்து எழுதிக்கொண்டார். அந்த ஐந்து ரூபாயையும் விடவில்லை. "மிலிட்டரின்னு சொன்னானா?" என்று தலை நிமிராமல் கேட்டார்.

சாயங்காலம் சண்டை நிறுத்தம் என்று டிவியில் சொன்னார்கள். அப்பா கை தட்டினார். நான் அறைக்குள் போய்விட்டேன்.

அப்பாவிடம் சொல்லவில்லை. மிஷின் ஆள் என்ன ஆனார் என்று கேட்டார். வரவில்லை என்றேன். பொய்யில்லை.

மே 12, திங்கள்

சித்ரா பௌர்ணமி. சித்திரகுப்தன் எல்லாவற்றையும் எழுதி வைப்பான் என்பாள் அம்மா. என் கணக்கில் 212 ரூபாய்.

மே 13, செவ்வாய்

பேங்க். "நீங்களே பின் போட்டிருக்கீங்களே மேடம்." இதை மூன்று பேர் மூன்று மேசையிலிருந்து சொன்னார்கள். கடிதம் வாங்கிச் சீல் போட்டுக் கொடுத்தார்கள்.

வரும்போது ஷேர் ஆட்டோ ஜன்னலோரத்தில் உட்கார்ந்து யோசித்தேன். ஏன் போட்டேன்? பேராசை என்று சொல்ல முடியாது, அது நான் கேட்ட விலைதான். ஒரு காரணம்தான் தெரிகிறது. பிறந்ததிலிருந்து பணம் வாங்குகிற இடத்தில் எல்லாம் நாம்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். பேங்கில் ஸ்லிப், சம்பளத்துக்கு ரெஜிஸ்டர், ரேஷன் கடையில் கைரேகை. அப்பா மணியார்டர் கொண்டுபோனால் ஃபாரத்தை நீட்டி "இங்க போடு ஆயா" என்பார், ஆயா போட்டால்தான் பணம். கொடுக்கிறவன் கையெழுத்துப் போட்டு நான் பார்த்ததே இல்லை. அவன் "பின் போடுங்க மேடம்" என்றபோது என் கை அந்தப் பழக்கத்தில்தான் போயிருக்கிறது. இதை பேங்கில் சொன்னால் சிரிப்பார்கள்.

இருந்தாலும் 13,000?

மே 14, புதன்

13,000.

மே 15, வியாழன்

மேசைக்கு ஒருவன். 3,500 சொன்னேன், உடனே சரி என்றான். பேரம் இல்லை என்றதுமே எனக்கு முதுகு சில்லிட்டது. ஐந்து நிமிஷத்தில் எஸ்எம்எஸ்: உங்கள் கணக்கில் 35,000 வரவு. உடனே போன், அழுகைக் குரலில்: "அக்கா, சைபர் ஒண்ணு கூடிப்போச்சு, தங்கச்சி ஆஸ்பத்திரியில கீறா, மீதி 31,500 மட்டும் திருப்பி அனுப்புங்க." இவன் நம்ம பக்கத்துப் பேச்சே பேசினான், அதுதான் வயிற்றெரிச்சல். எஸ்எம்எஸ் வந்தது பத்து இலக்கப் போன் நம்பரிலிருந்து. பேங்க் செய்தி போன் நம்பரிலிருந்தா வரும்? எழுத்துப் பேர்தான் இருக்கும். ஆப்பைத் திறந்து பார்த்தேன், 212. "தம்பி, நேரில் வந்து வாங்கிக்கோங்க, எண்ணி வைத்திருக்கிறேன்" என்றேன். கட் செய்துவிட்டான்.

ரொம்ப நாளைக்கப்புறம் சிரித்தேன். ராத்திரி தூக்கமும் வந்தது.

மே 17, சனி

இன்று செய்தது சரியா தப்பா தெரியவில்லை.

ஃப்ரிட்ஜுக்குக் காட்பாடியிலிருந்து ஒரு பையன் வந்தான், காலேஜில் படிக்கிறவன், கூட இரண்டு நண்பர்கள், குட்டி யானை வண்டி. 7,500. ஜிபே பண்ணிவிட்டேன் என்று பச்சை டிக் காட்டினான். எனக்கு வரவில்லை. பணம் கட்டியது போலவே டிக்கும் சத்தமும் காட்டுகிற போலி ஆப்கள் இருக்கின்றன என்று அந்தப் பெண் போலீஸ் சொல்லியிருந்தார். "என் கணக்கில் தெரிந்தால்தான் ஃப்ரிட்ஜ் நகரும்" என்றேன். அவன் போனில் அப்புறம் 'பிராசஸிங்' என்று மாறியது. அதையும் நான் நம்பவில்லை.

மதியம் பன்னிரண்டரை. ஏறிய ஃப்ரிட்ஜை வண்டியிலிருந்து இறக்கச் சொன்னேன். இறக்கினார்கள். வாசலில் நின்றார்கள், உள்ளே கூப்பிடவில்லை. அந்தப் பையன் தன் அம்மாவுக்குப் போன் போட்டு, "கட்டிட்டேன்மா, அந்த அக்கா நம்ப மாட்டேங்கறாங்க" என்று மெதுவாகச் சொன்னது காதில் விழுந்தது. அப்பாதான் உள்ளே போய் மோர் கலக்கி, மூன்று டம்ளரில் கறிவேப்பிலை கிள்ளிப்போட்டு எடுத்து வந்தார். கொடுக்கும்போது என்னைப் பார்க்கவில்லை.

நாற்பத்தைந்து நிமிஷம் கழித்துப் பணம் வந்தது. "சாரி தம்பி" என்றேன். "பரவாயில்லக்கா" என்றான். முகத்தில் வேர்வை வழிய, மறுபடியும் தூக்கி ஏற்றினார்கள்.

ஃப்ரிட்ஜ் போகும்போதுதான் பார்த்தேன், நான் எழுதி ஒட்டிய காகிதம் கதவில் இருந்தது. வண்டி போய்விட்டது.

மே 18, ஞாயிறு

அந்த நாற்பத்தைந்து நிமிஷத்தையும் புகாரில் சேர்க்க முடியுமா?

மே 20, செவ்வாய்

அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. பேங்க் கடிதத்தைத் திவான் மேலேயே வைத்திருக்கிறேன், மடச்சி.

முழுக்கக் கேட்டார். அரக்கோணம் என்றதும், "அங்க கீறது நேவி, ராஜாளி. தக்கோலத்துல சிஐஎஸ்எஃப். மிலிட்டரி எங்க கீது?" என்றார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும். நான் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு பேசினேன், அப்பாவுக்கு இதெல்லாம் புரியாது என்று.

அப்புறம் ரொம்ப நேரம் பேசவில்லை. படுக்கப்போகும்போது சொன்னார்: "கைநாட்டு வெச்சா பக்கத்துல சாட்சி ஒருத்தர் போடணும். சாட்சி இல்லாம நான் ஒரு மணியார்டரும் கொடுத்ததில்ல."

மே 22, வியாழன்

சைபர் கிரைமிலிருந்து போன். பணம் மூன்று கணக்கு மாறி ஏடிஎம்மில் எடுத்துவிட்டார்களாம். ஒரு கணக்கில் 2,140 மட்டும் நிறுத்தியிருக்கிறார்கள். அதை வாங்க கோர்ட்டில் மனு கொடுத்து உத்தரவு பெற வேண்டும் என்றார்கள். 19,500-ல் 2,140. ஓசூரிலிருந்து வந்துபோக எத்தனை பஸ் சார்ஜ் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். டேலி புத்தி.

மே 23, வெள்ளி

ஐந்து மணி. எண்ணெய்.

மே 25, ஞாயிறு

மிஷின் போயிற்று.

கணியம்பாடியிலிருந்து ஒரு பெண், மகனோடு வந்தாள். முந்தானையில் ஒரு ஜாக்கெட் துணித்துண்டு முடிந்து வைத்திருந்தாள். ஒன்றும் பேசாமல் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஊசியில் நூல் கோர்த்து, பெடலை மிதித்தாள். அந்தச் சத்தம் இந்த வீட்டில் மூன்று வருஷமாகக் கேட்கவில்லை. அப்பா உள்ளேயிருந்து வந்து சுவரில் சாய்ந்து நின்றார். தையலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "எண்ணெய் சாஸ்தியா கீது, துணி கறையாவும்" என்றாள். அப்பா சிரித்தார்!

நாலாயிரத்தில் ஆரம்பித்தாள். நன்றாகப் பேரம் பேசினாள், எனக்கு அவ்வளவு நிம்மதி. 5,200-ல் வந்து நின்றது. ரொக்கம்.

அப்பா ரசீது எழுத உட்கார்ந்துவிட்டார். "ஐயாயிரத்துக்கு மேல போனா ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டணும். வீட்ல இல்ல. அஞ்சாயிரமே கொடும்மா." ஒரு ரூபாய் ஸ்டாம்புக்காக இருநூறு ரூபாய்! நான் வாயைத் திறப்பதற்குள் அவள் இரண்டு நூறு ரூபாய் நோட்டை உருவி இடுப்பில் செருகிவிட்டாள்.

'ரூபாய் ஐயாயிரம் மட்டும் ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன்.' கையெழுத்துப் போட்டார். பேனாவை என் பக்கம் நீட்டினார். "சாட்சி."

போட்டேன்.

மே 27, செவ்வாய்

லாரி நாளை விடியற்காலை ஐந்து மணிக்கு. திவானை யாரும் கேட்கவில்லை, பக்கத்து வீட்டு அக்காவுக்கே கொடுத்துவிட்டோம். தெரியாத நம்பரிலிருந்து மூன்று மிஸ்டு கால், அண்ணன் புது நம்பர் வாங்கியிருக்கிறானோ என்னவோ. கரண்ட் போய்விட்டது. போனில் நாலு பர்சென்ட்