ராபன்ஸல் தலையில் பசைக் கசிவு நின்றது

நேற்று ராத்திரி தொட்டுப் பார்த்தேன், விரலில் ஒட்டவில்லை. இன்று காலையிலும் ஒட்டவில்லை. மூன்று மாதமாகக் காத்திருந்த செய்தி இது. 2002 ராபன்ஸல் பார்பியின் தலை சுத்தமாகிவிட்டது.

டொரண்டோவில் ஒரு பழைய சாமான் கடையில் எட்டு டாலருக்குக் கிடைத்தவள். பெட்டி இல்லை, கிரீடம் இல்லை, தூரிகையும் இல்லை. தலை முழுக்கப் பசை. அந்தக் காலத்துத் தலைகளை வாங்கியவர்களுக்குத் தெரியும்: முடி பிடுங்கிக்கொண்டு வராமலிருக்க உள்ளே விட்ட பசை, வருடக்கணக்கில் துளை வழியே கசிந்து முடியெல்லாம் எண்ணெய் வழிந்த மாதிரி ஆகிவிடும்.

முதலில் சோளமாவு தூவி ஒரு ராத்திரி விட்டுச் சீவினேன். இரண்டு வாரம் தாங்கியது. பிறகு பாத்திரம் கழுவும் சோப்பும் சமையல் சோடாவும். பத்தே நாளில் மறுபடி பிசுபிசுப்பு. ஊற்று உள்ளே இருக்கும்போது வெளியே துடைத்து என்ன பயன்? கடைசியில் மனதைக் கல்லாக்கிக்கொண்டு முடியை ஒட்ட வெட்டினேன்.

கழுத்திலிருந்து தலையைக் கழற்றுவதெல்லாம் வழக்கம்போல வெந்நீரில்தான். கஷ்டம் அதற்குப் பிறகு. தலை சூடாக இருந்தால் ரப்பர் இளகும், ஃபோர்செப்ஸ் இடுக்கி உள்ளே போகும். ஆனால் பசையும் பாகு மாதிரி நூல் நூலாக இழுக்கும். ஃப்ரீசரில் வைத்தால் பசை இறுகிச் செதில் செதிலாகப் பெயரும். ஆனால் தலையும் கல்லாகிவிடும், கருவியைத் திருப்ப இடமிருக்காது. எனக்குச் சரிப்பட்டது இதுதான்: ஒரு மணி நேரம் ஃப்ரீசர், எடுத்தவுடன் கழுத்து ஓரத்தை மட்டும் அரை நிமிடம் வெந்நீரில் தோய்ப்பது. கழுத்து வாய் இளகும், உச்சி இறுக்கமாகவே இருக்கும். வளைந்த முனை ஃபோர்செப்ஸால் முடிக்கட்டையும் பசையையும் சேர்த்துப் பிடுங்க வேண்டும். ஒரு தடவைக்கு நாலைந்து நிமிடம்தான் கிடைக்கும். பதினேழு தடவை செய்தேன். மிச்சத்தை ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சுக்குச்சியால் துடைத்தேன். அசிட்டோன் பக்கமே போகாதீர்கள். உள்ளேதானே விடுகிறோம் என்று நினைப்போம், துளை வழியே வந்து புருவத்தை அழித்துவிடும்.

எட்டு டாலர் பொம்மைக்கு இவ்வளவா என்று வீட்டில் கேட்டார்கள். என் மகள் கேட்கவில்லை. மொட்டைத் தலையோடு மேசையில் கிடந்தவளைப் பார்த்ததும், “அம்மா, இது ராபன்ஸல். தூரிகை எங்கே?” என்றாள். பார்பி ராபன்ஸலாக வரும் 2002 கார்ட்டூன் படம், அவள் நாலு வயதில் பார்த்தது! அதில் ராபன்ஸலுக்கு மந்திரத் தூரிகைதான் எல்லாமே.

நான் இந்தப் படக்காலத்துப் பொம்மைகளையே தேடிப் போவதற்குக் காரணம் அந்தக் கேள்விதான். 1959இல் பார்பி வந்தபோது அவளுக்குக் கதை கிடையாது, உடுப்புதான் உண்டு. 1987இல் ராக் இசைக்குழுவை வைத்துத் தொலைக்காட்சிக்கு ஒரு கார்ட்டூன் செய்தார்கள். அது தொடராக நீளவில்லை. 1995 ‘டாய் ஸ்டோரி’க்குப் பார்பியைக் கேட்டபோது அவளைத் தயாரிக்கும் மாட்டெல் நிறுவனம் மறுத்துவிட்டது. அவளுக்கு என்ன குணம் என்பதை விளையாடும் குழந்தையே முடிவு செய்யட்டும் என்பது அவர்கள் கொள்கை. 1999இல் இரண்டாம் பாகத்துக்குச் சம்மதித்தார்கள். 2001இல் சொந்தமாகவே பார்பியை வைத்து ‘நட்கிராக்கர்’ படம் எடுத்தார்கள். தயாரித்தது வான்கூவரின் மெயின்ஃப்ரேம் நிறுவனம். நியூயார்க் சிட்டி பாலே கலைஞர்களின் அசைவுகளைப் பதிவு செய்து கணினிப் பாத்திரங்களுக்குக் கொடுத்தார்கள், இசை லண்டன் சிம்பொனி இசைக்குழு. அதே 2001இல்தான் போட்டிக்கு ப்ராட்ஸ் பொம்மைகளும் கடைக்கு வந்தன.

‘நட்கிராக்கர்’ படத்தில் நான் மெச்சும் யுக்தி ஒன்று உண்டு. அதில் பார்பி தன் தங்கை கெல்லிக்குக் கதை சொல்வாள். அந்தக் கதைக்குள் அவளே நாயகி கிளாராவாக வருவாள். அடுத்த வருடம் ராபன்ஸல், 2003இல் ‘ஸ்வான் லேக்’ நாயகி ஓடெட். அதாவது பார்பி நடிகை, மற்றவை வேடங்கள். பார்பிக்கென்று ஒரு குணத்தைப் பூட்டாமலே வருடத்துக்கொரு கதை, கதைக்கொரு பொம்மை. தொலைக்காட்சி விளம்பரம் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். வீட்டில் கேசட்டாகவோ டிவிடியாகவோ இருக்கும் ஒன்றேகால் மணிநேரப் படத்தைக் குழந்தை மனப்பாடம் ஆகும்வரை பார்க்கும். கடைக்குப் போனால் “பார்பி வேண்டும்” என்று கேட்காது, “ராபன்ஸல் வேண்டும்” என்று கேட்கும். ஏற்கெனவே வீட்டில் மூன்று பார்பி இருந்தாலும் கேட்கும். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது.

அதனால்தான் ரீரூட் செய்யும்போது, அதாவது துளைகளில் புது முடி நடும்போது, இவளுக்கு வேறு நிறம் வைக்க எனக்கு மனசு வராது. படத்தில் இருந்த பொன்னிறமே வேண்டும்.

முடிதான் இப்போது தலைவலி. பாதம்வரை வர 12 அங்குலம், மடித்து நடுவதால் 24. பின்னல் முடி விற்கும் கடைகளில் கனேகலான் என்ற செயற்கை முடி மலிவு, நீளமும் தாராளம், ஆனால் மினுக்கம் போதாது. இணையத்தில் வரவழைத்த நைலான், விற்பனைப் படத்தில் தேன் நிறம், கையில் எலுமிச்சை மஞ்சள். திருப்பி எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார்கள். ஸரான் என்ற இன்னொரு வகைச் செயற்கை முடி ஒரு கட்டு சொல்லியிருக்கிறேன். இவ்வளவு நீளத்துக்கு அதன் கனம் நல்லது, பறக்காமல் விழும்.

அது வருவதற்குள் 2004 ‘பிரின்சஸ் அண்ட் தி பாப்பர்’ ஜோடியை எடுக்கலாமா என்று யோசிக்கிறேன். பார்பியின் முதல் பாட்டுப் படம் அது. அனலீஸும் எரிகாவும் பாடும் பொம்மைகள். எரிகா பாடுகிறாள், அனலீஸின் பேட்டரிப் பெட்டிக்குள் பச்சைக் களிம்பு. வினிகர் பஞ்சால் துடைத்ததில் ஒரு முனை பளிச்சென்று வந்திருக்கிறது, இன்னொன்றில் கம்பியே அறுந்திருக்கிறது. யாராவது இதன் முதுகைத் திறந்து பற்றவைத்திருந்தால் திருகுகள் எந்த அளவு என்று சொல்லுங்கள்.

ராபன்ஸலுக்கு இருந்த நைலானில் உச்சி வகிட்டுக்கு மட்டும் சோதனையாக ஆறு துளை நட்டுப் பார்த்தேன். நிறம் உறுத்துகிறது. ஸரான் வந்ததும் அந்த ஆறையும் பிடுங்க வேண்டும்.