தேசிக்காய் எண்ணெய்: மணக்க விடலாம், பூசும்போதுதான் கணக்கு

தோடம்பழம், லெமன், தேசிக்காய், பர்கமொட் (தேசிக்காய்ச் சாதிப் பழம் ஒன்று) என்று சின்னப் போத்தல்களில் விற்கிற வாசனை எண்ணெயை அறையில் மணக்க விடுவது சுலபம். மணம் பரப்புகிற கருவியான டிஃபியூசரில் 100 மில்லிலீட்டர் தண்ணீருக்கு 3, 4 சொட்டு, அரை மணித்தியாலம், பிறகு நிறுத்திவிடலாம். நுவரெலியாக் குளிருக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் சாத்தி வைக்கிற வழக்கம் நமக்கு; ஒன்றையாவது கொஞ்சம் திறந்து வையுங்கள். ஆஸ்துமாக்காரர், கைக்குழந்தை, பூனை இருக்கிற அறையில் வேண்டாம். மனம் லேசாகும், அடுப்புப் புகை வாடை அமுங்கும். நோய் தீரும் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

தோலில் பூசுவது வேறு கதை. பழத்தோலைப் பிழிந்து எடுத்த தேசிக்காய், லெமன், பர்கமொட் எண்ணெய்களில் பியூரோகூமரின் என்ற பொருள் உண்டு. அது பட்ட இடத்தில் வெயில் பட்டால் ஒன்றிரண்டு நாளில் சிவந்து எரியும், கொப்புளம்கூட வரும், கறுத்த தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். நுவரெலியா ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. உயரம் கூடக்கூட புற ஊதாக் கதிரும் கூடும், பனிமூட்டம் அதை முழுதாகத் தடுக்காது. உடம்பு குளிர்வதால் வெயில் இல்லை என்று நினைத்துவிடுகிறோம். நாள் முழுக்க மலையில் கொழுந்து பறிப்பவருடைய கழுத்தும் கையும் இதற்குத் தப்பாது. பூசிய இடத்தில் 12 மணித்தியாலமாவது வெயில் படக்கூடாது, 18 என்றால் இன்னும் நல்லது. முகத்தில் தேசிக்காயைத் தேய்த்துவிட்டு வெளியே போகிறவர்களுக்கும் இதேதான்.

அளவு: 30 மில்லிலீட்டர் தேங்காய் எண்ணெய்க்குப் பர்கமொட் 2 சொட்டு, தேசிக்காய் 4, லெமன் 12. இதுதான் உச்சம். இரண்டைச் சேர்த்தால் ஒவ்வொன்றையும் பாதியாக்குங்கள். ஆவியில் வடித்த தேசிக்காய், லெமன் எண்ணெய்க்கும், இனிப்புத் தோடம்பழ எண்ணெய்க்கும் இந்த வெயில் பயம் இல்லை. ஆனாலும் 12 சொட்டைத் தாண்ட வேண்டாம். எப்படி எடுத்தது என்று லேபிளில் இல்லாவிட்டால் பிழிந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே அடிக்கடி பிழைவிடுகிற இடம் தேங்காய் எண்ணெய். 24 பாகைக்குக் கீழே அது உறைந்துவிடும், காலையில் போத்தலைக் கவிழ்த்தாலும் அசையாது. உறைந்ததன் மேல் சொட்டுவிட்டால் அது கலக்காமல் ஒரே குழியில் தேங்கும். விரலில் அள்ளும்போது அந்த இடம் மட்டும் வருவதால் தோல் எரியும். போத்தலைச் சுடுதண்ணீரில் நிறுத்தி முழுதாக உருக்கி, வெதுவெதுப்பாக ஆறிய பிறகு சொட்டுவிட்டுக் குலுக்குங்கள். குளிக்கிற வாளியிலும் இதே கோளாறுதான்: எண்ணெய் மேலே மிதந்து, முதல் கோப்பையோடு அப்படியே உடம்பில் ஒட்டும்.

கலக்கக் கண்ணாடியோ எவர்சில்வரோ எடுங்கள். ரெஜிபோம் மூடியில் ஒரு சொட்டு தோடம்பழ எண்ணெய் விட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் அந்த இடம் உருகிப் பள்ளமாகும். இந்த எண்ணெய்களில் இருக்கிற லிமோனின் என்ற பொருள் செய்கிற வேலை அது.

அதே லிமோனின் காற்றுப்பட்டால் கெட்டு, தோலில் ஒவ்வாமையைக் கிளப்பும். பாதி காலியான பழைய போத்தலில்தான் இது அதிகம் நடக்கும். வாயோரம் பிசுபிசுத்து, பழ வாசனை போய் டர்பன்டைன் வாடை வந்தால் பூசாதீர்கள். குளிர்சாதனப் பெட்டியில் இறுக மூடி வைத்தால் ஒரு வருடம் தாங்கும். அடுப்பங்கரை ராக்கையில் வேண்டவே வேண்டாம், தீப்பிடிக்கும்.

பிளேன்டீயில் ஒரு சொட்டு விடுகிற யோசனையையும் விட்டுவிடுங்கள். பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். போத்தலையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.